சொல்லிட்டுச் செய்யணும்

கல்யாணமாகித் திருக்கோகர்ணத்துக்கு வந்த மறுநாள் காலையில் என்னை எழுப்பியது ஒரு குரல்.

"இப்போ கதவத் தெறக்கப் போறேன். கிரீச்சுன்னு கத்தும். அம்புட்டுத்தான்."

சொன்னபடியே கதவு கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரல்.

"இப்போ வாளியக் கெணத்துல விடப் போறேன். தொபுக்குன்னு விழுகும்."

விழுந்தது. பிறகு வாசல் தெளிக்கப் போவதாகச் சொன்னது. அடுப்புக்கு விறகு ஒடிக்கப் போவதாகச் சொன்னது. புது மருமகள் இன்னும் எழுந்திரிக்கவில்லை என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பதறியடித்து அடுப்படிக்கு ஓடினேன். அங்கே விறகும் கையுமாக நின்ற என் மதினி திரும்பிப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

"வர்றவ, வாரேன்னு சொல்லிட்டு வரக் கூடாதா?"

அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவள் காலடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை வீலென்று கத்தத் தொடங்கியது. நான் ஓடிவந்த சத்தத்துக்குத்தான் அந்தக் கத்தல். அடுப்பில் வைத்த உலை கொதித்து அடங்கும்வரை கத்தியது.

நாத்தனாரை எங்கள் பக்கம் மதினி என்போம். என் கணவருக்கு மூத்தவள். பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மகளோடு திரும்பி வந்து தம்பி வீட்டில் இருந்தாள். 'புள்ளைக்குச் சரியானதும் கூட்டிக்கிட்டு வா' என்று புருஷன் சொல்லி அனுப்பினானாம். சரியாகும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதைப் பற்றி மதினி பேசி நான் கேட்டது ஒரு தடவைதான். "கட்டப் போறேன்னு அந்தாளு ஒரு வார்த்த முன்னால சொல்லியிருக்கலாம்," என்றாள். அவன் கட்டிக்கொண்டதைவிட, சொல்லாமல் கட்டிக்கொண்டதுதான் அவளுக்குக் குறை.

மகளின் பெயர் பவளம். நான் போனபோது எட்டு வயது இருக்கும். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், பேசுகிறவர்களின் வாயை மட்டும் பார்ப்பாள். நாம் சொன்னதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள். அதற்கு மேல் பேச்சில்லை. எதிர்பாராமல் ஒரு சத்தம் கேட்டாலோ, யாராவது சட்டென்று தொட்டாலோ, தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு கத்துவாள். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போயிருந்தது. என் கணவருக்குக் கீழராஜவீதியில் பலசரக்குக் கடை. அங்கிருந்து வரும் புதுச் சணல் சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் மட்டும் பவளம் சத்தமில்லாமல் இருப்பாள். அந்த வாசனை அவளுக்கு அப்படிப் பிடிக்கும். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். பிளாஸ்டிக் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் வீசி எறிகிறாள்.

இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்தவை இரண்டே பெயர்கள். ஒன்று கிறுக்கு, இன்னொன்று காத்துக் கருப்பு. மதினி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவளுக்கு எதையும் சொல்லிட்டுச் செய்யணும். சொல்லாமச் செஞ்சா பயந்துருவா. வேற ஒண்ணுமில்ல," என்பாள். இதைப் பால்காரரிடம் சொன்னாள். வளையல்காரியிடம் சொன்னாள். கூரை வேய வந்தவர்களிடம் சொன்னாள். என்னிடம் தினமும் சொன்னாள்.

அந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது என்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தேங்காய் உடைக்கும் முன் சொல்ல வேண்டும். உரலில் உலக்கை போடும் முன் சொல்ல வேண்டும். தாளிக்கும் முன் கடுகு வெடிக்கும் என்று சொல்ல வேண்டும். என் கணவர் கடையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே இருமத் தொடங்கிவிடுவார். ஒருநாள் நான் தும்மிவிட்டேன். பவளம் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மதினி என்மேல் பாய்ந்தாள்.

"தும்மப் போறேன்னு சொல்லக் கூடாதா?"

"தும்மல் வரப் போகுதுன்னு எப்புடி மதினி சொல்றது?"

"மூக்கு அரிக்கும்ல? அப்பச் சொல்லு."

இன்னொரு நாள் கை வழுக்கிப் பித்தளைக் குடம் முற்றத்தில் விழுந்து உருண்டது. "விழுகப் போகுதுன்னு எனக்கே தெரியாது மதினி," என்று அழாத குறையாகச் சொன்னேன். "கையில வச்சிருந்தவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். பிறந்த வீட்டுக்குப் போனபோது, நான் என்னை அறியாமல் "இப்போ சோறு வடிக்கப் போறேன்" என்று சொல்லப்போக, என் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொய் சொன்னால் அதைவிடக் கோபம் வரும் மதினிக்கு. ஒருநாள் பவளத்துக்குச் சிக்கெடுக்க உட்கார்ந்த நான், "வலிக்காதுடா" என்று சொல்லிவிட்டேன். என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினாள்.

"வலிக்கும்னு சொல்லு. வலிக்காதுன்னு சொல்லி வலிச்சா நாளைக்கு ஒன் வாயப் பாக்க மாட்டா."

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பின்பக்கத்தில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. கொடும்பாளூரில் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நான் கிளம்பியிருந்தேன். பஸ் நகர்ந்ததும் மதினி எழுந்து முன்னால் போய், ஹாரன் அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "குறுக்க மாடு வந்தா, மாட்டுக்கிட்டச் சொல்லவா, ஒங்ககிட்டச் சொல்லவா?"

"மாட்டுக்கு ஹாரன் அடிங்க. எங்களுக்கு வாயால சொல்லுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த ஊரிலேயே மாடு வந்தது. ஹாரன் அலறியது. பவளம் அதைவிடப் பலமாக அலறினாள். ஆளாளுக்குத் திட்டத் தொடங்கியதும் மதினி, "இப்போ எறங்கப் போறோம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அக்காவை நடுவழியில் விட முடியாமல் என் கணவர் இறங்கினார். அவரை விட முடியாமல் நான் இறங்கினேன். வேகாத வெயிலில் நெடுந்தூரம் நடந்து, பாதியில் ஒரு வைக்கோல் வண்டி கிடைத்து, பட்டுச்சேலை முழுக்கத் தூசியோடு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தியும் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக மதினி மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். "இப்போ பனைமரம் வரும். இப்போ நாயி கொலைக்கும்." நாய் குரைத்தது. எனக்கும் யார் மீதாவது பாய்ந்து குரைக்க வேண்டும்போல இருந்தது.

இந்தச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன். கேட்டதில் மரியாதை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அவளும் எரிச்சலாகவே பதில் சொன்னாள்.

"நான் என்ன படிச்சா கத்துக்கிட்டேன்? பொன்னமராவதியில இருக்கையில இவள அடிச்சுத்தான் பாத்தேன். கரண்டியக் காய வச்சுச் சூடுகூட வச்சேன். காலப் பாரு, தழும்பு கெடக்கு. ஒண்ணும் கேக்கல. ஒருநா எனக்கே வாழ்க்க வெறுத்துப்போயி வாய்விட்டுப் பொலம்பிக்கிட்டே வேல பாத்தேன். இப்போ தண்ணி காய வைக்கணும், இப்போ ஒன்னையக் குளுப்பாட்டணும், இப்போ தலையில ஊத்துனா ஊரையே கூட்டுவன்னு பொலம்பிக்கிட்டே ஊத்துனேன். அன்னைக்குக் கத்தல. மறுநா வாய மூடிக்கிட்டு ஊத்துனேன். கத்துனா. அதுக்கப்பறந்தான் புரிஞ்சுச்சு, நான் பொலம்பிக்கிட்டே இருக்கணும்னு இவ ஆசப்படுறான்னு."

சொல்லிவிட்டு, "இப்போ மொளகா மொறத்தத் தட்டப் போறேன்," என்று பக்கத்திலிருந்த மகளிடம் சொல்லி முறத்தைத் தட்டினாள்.

கோயில் மேளக்காரரிடம்கூடப் போனாள். சாயரட்சைப் பூஜைக்குத் தவில் முழங்கும் முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடிக்க முடியுமா என்று கேட்டாளாம். "சாமிக்கே நான் சொல்லிட்டு அடிக்கிறதில்ல ஆத்தா," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மதினி வாசலில் நின்று, மேளக்காரர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்கிறாரா என்று பார்ப்பாள். பார்த்ததும் உள்ளே ஓடிவந்து மகளிடம் சொல்வாள். அடுப்பில் என்ன கருகினாலும் அந்த நேரத்தில் அவள் நகர மாட்டாள். கருகியதைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான்.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். பச்சைப்பிள்ளை எப்போது அழும் என்று யார் சொல்ல முடியும்? அவன் அழுதான், பவளம் கத்தினாள். பவளம் கத்தியதில் அவன் மேலும் வீறிட்டான். பவளத்தின் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. மதினி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "என்னைய ஏண்டி இப்புடிப் படுத்துற" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் பவளம் நின்றுகொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பிள்ளையின் முகம் சிவந்து, கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அவளை இழுத்துத் தள்ளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் என் கணவர் சாப்பிட வந்ததும், "இவ இருக்கணும், இல்ல நானும் எம்புள்ளையும் இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க," என்றேன். இன்றைக்கு அப்படி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். என் கைப்பிள்ளை அவன்.

மதினி அடுப்படியில்தான் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

மறுநாள் என் கணவர் ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். பேய் ஓட்டுவதில் பேர் வாங்கியவர் என்றார்கள். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. முற்றத்தில் உட்கார்ந்து உடுக்கை, வேப்பங்குழை, ஒரு பிரம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். "புள்ளையக் கூட்டியாங்க," என்றார்.

மதினி பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும்போதே, "இப்போ ஒருத்தரு வந்திருக்காரு. உடுக்க வச்சிருக்காரு. டம டமன்னு அடிப்பாரு," என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கோடாங்கிக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க தள்ளி நில்லுங்க ஆத்தா."

"நிக்கிறேன். என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லிட்டுச் செய்ங்க."

"அத ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"எங்கிட்டச் சொல்ல வேணாம். அவகிட்டச் சொல்லுங்க."

"பேயிகிட்டச் சொல்லிட்டா பேய ஓட்டுவாக?"

"பேயி இருந்தாக் கேட்டு ஓடட்டும். எம்புள்ளையும் கேக்கட்டும். 'இப்போ முடியப் புடிச்சு இழுக்கப் போறேன். பெரம்பால அடிக்கப் போறேன். வலிக்கும்.' இம்புட்டும் அவளப் பாத்துச் சொல்லிட்டு அடிங்க. நான் குறுக்க வரல."

"அக்கா!" என்று என் கணவர் அதட்டினார். மதினி அவர் பக்கம் திரும்பவே இல்லை. பவளத்தின் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோடாங்கி பிரம்பை எடுத்தார். "இந்தா புள்ள," என்றார். பவளம் அவர் வாயைப் பார்த்தாள். "இப்போ..." என்று தொடங்கினார்.

"இப்போ," என்றாள் பவளம். மேற்கொண்டு என்ன வரும் என்று காத்திருந்தாள்.

"இப்போ..." என்றார் மறுபடியும்.

"இப்போ."

அவர் வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. எத்தனையோ பேரை அடித்திருப்பார். அடிக்கப் போகிறேன் என்று ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொல்லி அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மோர் கேட்டார். குடித்தார். "இது நம்ம வேல இல்லீங்க," என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுச் சாமான்களைச் சுருட்டினார். வாசற்படி வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பிப் பவளத்தைப் பார்த்து, "இப்போ போகப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதனால் என் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. என் பிள்ளை அன்றைக்கும் அழுதான், பவளம் அன்றைக்கும் கத்தினாள். நான் மதினியோடு பேச்சை நிறுத்தினேன். அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பிள்ளையின் முகத்தையே பார்க்கத் தொடங்கினாள். கண்ணு பட்டுவிடப் போகிறது என்று நான் முணுமுணுத்தேன். காதில் வாங்கவில்லை. சில நாளில் அடுப்படிக்கு அவள் குரல் கேட்டது.

"இப்போ அழப் போறான்."

நான் போய்ப் பார்ப்பதற்குள் அழுதான். பவளத்தை அதற்கு முன்பே சாக்கோடு சரக்கு அறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். அழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய கீழுதடு பிதுங்கி, தாடையில் ஒரு குழி விழுமாம். பெற்றவள் நான், எனக்குத் தெரியாது. அவள் கண்டுபிடித்திருக்கிறாள். நன்றியா வரும்? பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் நானும் அந்தக் குழியைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். மதினி அதைப் பவளத்துக்கும் காட்டினாள். அவளை எட்டத்தில் உட்கார வைத்து, "ஒதட்டப் பாரு. பிதுங்குதுல்ல? இப்போ அழப் போறான்," என்று விடாமல் சொன்னாள். கல்லோடு பேசுவதுபோல இருக்கும் பார்க்கிறவர்களுக்கு.

ஒரு மத்தியானம் மதினி குளத்துக்குத் துவைக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். நிலைப்படியில் பவளம் வந்து நின்றாள். என் வாயைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இப்போ அழப் போறான்."

ஓடினேன். உதடு பிதுங்கியிருந்தது. சத்தம் வருவதற்குள் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டேன். பவளம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூடத்து மூலையில் நின்றாள். அவன் அழவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்தாள். மதினி வந்ததும் சொன்னேன். குதிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். "அவ வந்து சொன்னா, சரி. நீ போறதுக்கு முன்னால இப்போ ஓடப் போறேன்னு அவகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவளோடு எப்படிக் காலம் தள்ளுவது?

ஆனால் தள்ளினேன். யுத்தம் முடிந்து, என் மகன் தெருவில் ஓடியாடும் வயதுக்கு வந்திருந்தான். அந்த வருஷம் மதினிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பாயில் படுத்தும் வாய் ஓயவில்லை. "இப்போ கஷாயம் குடிக்கப் போறேன், கொமட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பாள். பவளம் அப்போது வயதுக்கு வந்த பெண். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு கால்மாட்டிலேயே இருந்தாள். வைத்தியர் என் கணவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசிவிட்டுப் போனார். மதினிக்குத் தெரிந்துவிட்டது. பவளத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, பவளத்துக்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத மட்டும் நீ சொல்லிரு. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பால்காரரிலிருந்து பஸ் டிரைவர் வரை எல்லோரையும் சொல்ல வைத்தவள், தும்மலைக்கூட முன்னால் சொல்லச் சொன்னவள், இதைப் போய் என் தலையில் கட்டுகிறாளே! "நல்லாருக்கு ஒங்க நியாயம்," என்றேன். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் காலையில் முற்றத்தில் வெயில் இறங்குகிற நேரத்தில், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

பவளம் சரக்கு அறையில் இருந்தாள். கூடத்தில் அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து குனிந்து, "ஆத்தா ஊருக்குப் போயிருக்குடா கண்ணு, வந்துரும்," என்றாள். அவளை வெளியே போகச் சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுப் பவளத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள்.

"பவளம், ஆத்தா செத்துப்போச்சு. காய்ச்சல்ல செத்துப்போச்சு."

"போச்சு," என்றாள்.

"இப்போ எல்லாரும் அழப் போறாங்க. சத்தமா அழுவாங்க. சங்கு ஊதுவாங்க, அதுவும் சத்தமா இருக்கும். ஆத்தாளப் பாடையில வச்சுத் தூக்கிட்டுப் போவாங்க. ஆத்தா திரும்பி வராது. நாளைக்கும் வராது. நீ கூப்பிட்டாலும் வராது. வலிக்கும்."

கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். கடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்பறம்?" என்றாள்.

அவள் கேள்வி கேட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது. அதை யோசிக்க எனக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

"அப்பறம் நாம குளிப்போம்," என்றேன்.

"அப்பறம்?"

"சோறு திம்போம். நான் ஊட்டுறேன்."

"அப்பறம்?"

"தூங்குவோம். நீ எம்பக்கத்துல படுத்துக்க."

"அப்பறம்?"

கதவை யாரோ தட்டினார்கள். சங்கு ஊதுகிறவர் வந்துவிட்டார், நேரமாகிறது என்று என் கணவர் வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"அவர நிக்கச் சொல்லுங்க," என்று உள்ளிருந்தே கத்தினேன். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."